குதிரையைக் கொள்வதும் குதிரையைப் பேணுவதும்

(காரைக்காலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த, தரோபிரெட் என்னும் இனத்துக் குதிரை ஒன்றை ஒருவர் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்து, சவாரிக்குப் பழக்கி, அதன் ஆயுள் உள்ளமட்டும் வைத்துக் காப்பாற்றுவது எவ்வாறு என்பதே இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். நெல்லுக்கும் மீனுக்கும் பேர்போன இந்த அரசலாற்றங்கரையில் குதிரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்தியாவிலேயே குதிரையோடு மிக நெடிய உறவு கொண்ட கடற்கரைகளுள் நம்முடையதும் ஒன்று. அந்த உறவில் பெருமைப்படத்தக்க பாகமும் உண்டு. வெட்கப்படத்தக்க பாகமும் உண்டு. இரண்டையும் அறிந்தாலன்றி நாம் இன்று செய்ய வேண்டுவது இன்னதென்று தெளிவாகாது.

தரங்கம்பாடியைக் கடந்து வடக்கே போனால் வரும் காவிரிப்பூம்பட்டினத்தில், கடல்வழியே வந்து இறங்கிய குதிரைகள் இருந்தன என்பதைப் பட்டினப்பாலை சொல்லுகிறது. பின்னர் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் மலைநாட்டிலிருந்து வந்த குதிரைச் செட்டிகளைப் பெயரிட்டுக் குறிக்கின்றன. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்ட வரலாறும், நரிகள் பரிகளான வரலாறும் நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்தவை. சிற்றூர் எல்லைகளில் ஐயனாருக்கு முன்னால் சுதையாலும் சுட்ட மண்ணாலும் ஆன குதிரைகளை நிறுத்தி வைக்கிறோம். இவ்வாறு காவியத்திலும் கல்லிலும் வழிபாட்டிலும் குதிரைக்கு உயர்ந்த ஸ்தானம் அளித்த நாம், உயிருள்ள குதிரையை எவ்வாறு நடத்தினோம்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்பவர் ஓர் அயல்நாட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும்பொன் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதி வைத்தார். அதற்கு அவர் கண்ட காரணம், லாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை என்பதும், சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைகளுக்கு ஊட்டினார்கள் என்பதும் ஆகும். நல்ல பெட்டையையும் நல்ல ஆண் குதிரையையும் சேர்த்தாலும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியே பிறந்ததென்றும் அவர் சொல்லுகிறார். இன்றைய வைத்திய சாஸ்திரத்தைக் கற்றவர்கள் அதைப் படிக்கும்போது, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீனியில் குறைந்திருக்குமோ என்று ஐயுறாமல் இருக்க முடியாது.

வழிப்போக்கர் எழுதியதில் மிகை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அதன் சாரம் நம் நெஞ்சைச் சுடத்தான் வேண்டும். நம் நாட்டில் குதிரை நூல்கள் இல்லாமல் இல்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952-இல் அச்சிட்டு வெளியிட்டது. அறிவு சுவடியில் தங்கிவிட்டது. லாயத்துக்கு வந்து சேரவில்லை. பொன் கொடுத்துக் குதிரையைக் கொள்ளத் தெரிந்த நாம் அதைப் பேணக் கற்கவில்லை என்பதே நம் குதிரைச் சரித்திரத்தின் துயரமான பாகம். அந்தத் துயரத்தை நம் தலைமுறையிலும் தொடரவிடக்கூடாது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள்.

இந்த வேண்டுகோளுக்கு இப்பொழுது ஓர் அவசரமும் உண்டாகியிருக்கிறது. சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வந்ததாகச் சொல்வார்கள். பந்தயத்தைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 1974-இல் சட்டம் வந்ததும், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உங்களில் முதியோர் அறிந்தவை. 2024-ஆம் ஆண்டில் உதகமண்டலத்துப் பந்தயத் திடலையும், சில மாதங்கள் கழித்துக் கிண்டித் திடலையும், குத்தகை பற்றிய பிணக்கின் பேரில் அரசாங்கம் தன் வசம் எடுத்துக்கொண்டது, வழக்குகளும் எழுந்தன. அந்நிலம் யாருக்கு உரியது என்பதைப் பற்றி நான் பேச வரவில்லை. நிலத்துக்காக வழக்காட வக்கீல்கள் இருக்கிறார்கள். குதிரைக்காகப் பேசுவோர் சிலரே. பந்தயம் செழித்தாலும் தேய்ந்தாலும், இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, ஏழு எட்டு வயதுக்குள் ஓய்ந்துவிடும் பிராணி, நன்கு பேணினால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஓட்டம் முடிந்த பின் எஞ்சியிருக்கும் அந்த நீண்ட ஆயுளை அது எங்கே கழிப்பது? குறைந்த விலைக்கும், சில வேளைகளில் விலையே இல்லாமலும் இக்குதிரைகள் கைமாறுவதைக் கண்டு, நம் ஊர் இளைஞர்கள் ஒன்றை வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் அறிவோடு கூடிய எண்ணமாக அது ஆக வேண்டும்.

முதலாவதாக, தரோபிரெட் என்பது எத்தகைய பிராணி என்று அறிய வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பையர்லி துருக்கி, டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்னும் மூன்று கீழ்நாட்டு ஆண் குதிரைகளிடமிருந்து இவ்வினத்தின் தந்தைவழி முழுவதும் இறங்கி வருகிறது. டார்லி அரேபியன் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து 1704-இல் வந்தது. கொடால்பின் அரேபியனோ துனிசியாவிலிருந்து பிரான்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்தது. பாரிஸ் வீதியில் அது தண்ணீர் வண்டி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் அருமையை ஒருவர் கண்டுகொண்டார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது உணர்த்தும் நீதி நமக்கு உகந்தது. இவ்வினத்துக்காக இங்கிலாந்தில் 1791-இல் தொடங்கிய வம்சாவளிப் பதிவேடு இன்றளவும் தொடர்கிறது. இந்தியாவில் பிறக்கும் தரோபிரெட் குட்டி ஒவ்வொன்றின் வம்சமும் புனேயில் உள்ள பதிவேட்டில் ஏறுகிறது. நூற்றாண்டுகளாக வேகம் ஒன்றையே குறியாகக் கொண்டு வளர்த்ததன் பயனாக இதன் தேகம் அமைந்திருக்கிறது: ஐந்நூறு கிலோ அளவு எடை, மெல்லிய தோல், மெல்லிய குளம்புச் சுவர், ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதுக்கும் குறைவாகத் துடித்து, பாய்ச்சலில் இருநூறுக்கு மேல் துடிக்கும் இருதயம், சிறு ஓசைக்கும் விழித்தெழும் நரம்புகள். தெற்கே கோடியக்கரைக் காட்டில், மனிதர் கைவிட்ட மட்டக்குதிரைகளின் சந்ததி யாருடைய உதவியும் இல்லாமல் புல்லை மேய்ந்து பிழைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தரோபிரெட்டும் அவ்வாறே பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர் அதன் மரணத்துக்குக் காரணமாவார்.

வாங்கும்போது அழகையும் நிறத்தையும் சுழியையும் பார்ப்பது நம் வழக்கம். அதைவிட முக்கியமானது முன்னங்கால்களின் பின்புறத்துத் தசைநாணை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பது. பந்தயத்தில் அந்தத் தசைநாண் கிழிந்திருந்தால் அங்கே தடிப்போ சூடோ தெரியும். அது ஆறுவதற்கு ஓராண்டும் ஆகலாம். குதிரையை அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு கால், கண், மூச்சு, பல் ஆகியவற்றைச் சோதிக்காமல் வாங்குவது குதிரைக்கும் வாங்குகிறவருக்கும் செய்யும் துரோகம். மெலிதான நொண்டல் உள்ள குதிரை வேகமான பாய்ச்சலுக்கு உதவாவிட்டாலும், இளைஞர்களுக்கு மென்னடை கற்பிக்க நன்றாக உதவலாம். ஆகையால் குறையைக் கண்டுகொள்வது அதை ஒதுக்குவதற்காக அன்று, அதற்கு ஏற்ற வேலையைத் தீர்மானிப்பதற்காக.

இனி லாயம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி இடம், உயர்ந்த கூரை, கடற்காற்று இருபுறமும் ஊடுருவும் அமைப்பு, மேட்டுத்தரை: இவை போதும். தகரக் கூரையைவிட நம் தென்னங்கீற்றுக் கூரை வெயிலைத் தணிக்கும். இவ்வூரில் வெப்பத்தைவிடக் கொடியது புழுக்கம். குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வியர்வையாலேயே தணித்துக்கொள்ளும் பிராணி. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, சூடும் தணியாது. குளிர்நாட்டிலிருந்து கப்பலில் வந்த தரோபிரெட்டுகள் இந்தியாவின் ஈரமான ஊர்களில் நாளடைவில் வியர்ப்பதையே நிறுத்திவிட்டதை அக்காலத்துக் குதிரை வைத்தியர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். வேலை செய்த பிறகும் தோல் உலர்ந்திருந்து, மூச்சு மட்டும் இரைத்தால் அந்த நோய் என்று சந்தேகிக்க வேண்டும். ஆகையால் சித்திரை, வைகாசியில் சவாரி விடியற்காலையோடு முடிய வேண்டும். சவாரி முடிந்ததும் குளிர்ந்த நீரைத் தாராளமாக, இடைவிடாமல் ஊற்றலாம். சூடேறிய குதிரைமேல் தண்ணீர் ஊற்றினால் சதை இறுகிவிடும் என்னும் பழைய அச்சம் ஆதாரமற்றது என்பது 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டு நடந்த ஆராய்ச்சிகளில் நிலைநாட்டப்பட்டது. வியர்வையோடு உப்பும் ஏராளமாகப் போய்விடுவதால், நாள்தோறும் 30 முதல் 60 கிராம் வரை சாதாரண உப்பைத் தீனியோடு சேர்க்க வேண்டும்.

குடிநீரைப் பற்றி ஒன்று சொல்லுகிறேன். நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை, வேனிலில் அதற்கு மேலும் குதிரை குடிக்கும். நம் கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. உவர்ப்பு மிகுந்தால் குதிரை குடிப்பதைக் குறைக்கும். நீர் குறைந்தால் குடலில் தீனி இறுகும். கஜா புயல் போன்ற புயல் வீசிய நாட்களில் மின்சாரம் நின்று, ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகளும் நின்றுவிட்டதை நாம் கண்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை பிறப்பதற்கு முன் ஒரு வாரத்துக்குத் தேவையான நீரும் உலர்ந்த புல்லும் உயரமான இடத்தில் சேமித்து வைக்காதவர் குதிரை வளர்க்கும் தகுதி உடையவர் அல்லர்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் தீனி. மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு. குதிரைக்கு ஒரே சிறு வயிறு. அதில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். ஆகையால் அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மென்றுகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட பிராணி. உண்டதை வாந்தியாக வெளியே தள்ளவும் அதனால் முடியாது. பந்தயக் காலத்தில் தானியம் மிகுதியாகவும் புல் குறைவாகவும் தின்று வயிற்றுப்புண்ணோடு வரும் குதிரைகள் பல. அவற்றுக்கு முதல் மருந்து புல்தான். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து கிலோ உலர்ந்த புல், அல்லது அதற்கு ஈடான பச்சைப்புல் வேண்டும். நம் வரப்புகளில் தழைக்கும் அருகம்புல் இதற்கு மிகச் சிறந்தது.

ஆனால் நம் டெல்டாவில் எளிதாகக் கிடைப்பவை வைக்கோலும், தவிடும், கறவை மாட்டுக்காக வளர்க்கும் கம்பு நேப்பியர்ப் புல்லும். இம்மூன்றிலும் அபாயம் ஒளிந்திருக்கிறது. வைக்கோல் செரிப்பதற்கு அரியது. அதையே பிரதான ஆகாரமாக்கினால் குடல் அடைக்கும். தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நேப்பியர் முதலிய வெப்பநாட்டுப் புற்களில் உள்ள ஆக்சலேட் என்னும் உப்பு, இருக்கும் சுண்ணாம்பையும் கட்டிப்போட்டுவிடும். இவற்றையே மாதக்கணக்கில் தின்ற குதிரை, உயிர் வாழும்பொருட்டுத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். முகவெலும்பு வீங்கும், கால் நொண்டும், பல் ஆடும். மாடு கொழுக்கும் அதே தீனியில் குதிரை கண்ணெதிரே கரைந்து போவதற்குக் காரணம் இதுதான். இதற்குப் பரிகாரம் குதிரைமசால். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருக்கிறது. நீர் தேங்கும் நம் களிமண்ணில் அது செழிக்காது. மேற்கு மாவட்டங்களிலிருந்து உலர்த்தியதை வரவழைக்க வேண்டும். அந்தச் செலவு தவிர்க்க முடியாத செலவு.

கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்பது பழமொழி. கொள்ளை ஊறவைத்து வேகவைத்து அளவாகக் கொடுப்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை, ஓட்ஸும் நல்லதே. எதையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. பத்து நாட்களுக்குக் குறையாமல் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழித் தீவனத்தில் சேர்க்கும் சில மருந்துகள் சிறிதளவு உள்ளே போனாலும் அதன் இருதயத்தை நிறுத்திவிடும். சவுண்டல் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். ஆடு, மாடு, கோழி மூன்றும் ஒரே கொல்லையில் வளரும் நம் வீடுகளில் இந்த எச்சரிக்கையை எழுதி லாயக் கதவில் ஒட்டி வைப்பது நல்லது.

இங்கே கடற்கரை மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணல்தரையில் தீனியைக் கொட்டினால் ஒவ்வொரு வாயோடும் மணல் உள்ளே போகும். அது குடலின் அடியில் படிந்து கனத்து, ஒரு நாள் கடும் வயிற்றுவலியாக வெளிப்படும். ஆகையால் தொட்டியிலோ, பாயின் மேலோ தீனி வைக்க வேண்டும். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், காலால் தரையைத் தோண்டினால், படுத்துப் புரண்டால், சாணம் போடாதிருந்தால், அப்பொழுது வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். குதிரையின் வயிற்றுவலியில் ஒரு மணி நேரத் தாமதம் உயிரையே விலையாகக் கொண்டுவிடலாம்.

குளம்பைப் பற்றி மார்க்கோ போலோ சொன்ன குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. தரோபிரெட்டின் குளம்பை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை சீவிச் சமன்படுத்தி, வேண்டுமானால் லாடம் அடிக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் நம் பக்கத்தில் உண்டு. குதிரைக்கு அடிப்பவரைத் தூரத்திலிருந்து அழைத்து வர வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் சேற்றில் நின்ற குளம்பின் நடுப்பகுதி அழுகி நாறும். நாள்தோறும் காலையும் மாலையும் குளம்பைச் சுத்தம் செய்து உலர்ந்த தரையில் நிறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லின் கூர்மையை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரை மிக எளிதில் இரையாகும். அதற்குத் தடுப்பூசி கட்டாயம். இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா நோயின் கிருமியை 1880-இல் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் பிரிவினைக்கு முந்திய நம் நாட்டுக் குதிரைகளிடத்தும் ஒட்டகங்களிடத்தும்தான் முதன்முதல் கண்டுபிடித்தார். மாடுகள் நெருங்கிய இடத்தில், மழைக்காலத்தில், விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து குதிரை மெலிந்தால் இந்நோயை நினைவுகொள்ள வேண்டும்.

நோயைப் பற்றிப் பேசும்போது ஒரு கடனையும் பேச வேண்டும். வயலில் பாம்பு தீண்டியவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுகிறோமே, அங்கே அவருக்கு ஏற்றும் நச்சுமுறிவு மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. வரப்பில் இரவில் நடக்கும் உழவர் குடும்பங்கள் நிறைந்த இந்நாட்டில், குதிரையைத் தொட்டே அறியாத வீடுகளும் குதிரைக்குக் கடன்பட்டிருக்கின்றன.

அடுத்தது பழக்குதல். குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று நம்மவர் சொல்வதுண்டு. பந்தயக் குதிரையை முதன்முதல் ஏறிப் பார்த்தவர்கள் அந்தப் பழமொழியை மெய்யென்றே நம்புவார்கள். ஆனால் அதன் குற்றம் குணக்குற்றம் அன்று, கல்விக்குற்றம். பந்தயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து வேகமாக ஓட வேண்டும் என்று அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். நாமோ நிற்கச் சொல்லி இழுக்கிறோம். அங்கே ஜாக்கியைத் தூக்கி ஏற்றும்போது அது நடந்துகொண்டே இருக்கும். நாம் அங்கவடியில் கால்வைத்து ஏறும்வரை அசையாது நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஜாக்கி சேணத்துக்கு மேலே குந்தியிருப்பார். நாம் முதுகில் உட்கார்ந்து, விலாவில் காலால் அழுத்துகிறோம். இவை யாவும் அதற்குப் புதிய பாஷை. ஆகவே சில மாதங்கள் சவாரியே இல்லாமல் மேயவும் நடக்கவும் விட்டு, தானியத்தைக் குறைத்து, பிறகு தரையில் நின்றபடி கயிற்றால் பழக்கி, நடை, மென்னடை, பெருநடை என்று கிரமமாகக் கற்பிக்க வேண்டும். சாட்டையால் ஒரு நாளில் பெறுவதைப் பொறுமையால் ஓராண்டில் பெறுவோம். ஆனால் பொறுமையால் பெற்றதுதான் நிலைக்கும். புதுவையை அடுத்த ஆரோவில்லில் உள்ள ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி போன்ற இடங்களுக்குப் போய், அனுபவம் உள்ளவர்களிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

குதிரை கூட்டமாக வாழும் பிராணி; தனிமை அதை நோயாளியாக்கும். பிற குதிரை இல்லாவிட்டால் ஓர் ஆடாவது துணைக்கு இருக்கட்டும். லாயக் கட்டையைக் கடித்துக் காற்றை உள்ளிழுப்பதும், நின்ற இடத்திலேயே இடவலமாக ஆடிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அடைபட்ட வாழ்வில் முளைத்த பழக்கங்கள். இவ்வளவையும் நாள்தோறும் பார்த்துக்கொள்பவர் குதிரைக்காரர். எஜமானர் ஊருக்குப் போகலாம். குதிரைக்காரர் போக முடியாது. அவருக்குத் தக்க ஊதியமும், மரியாதையும், மழையில் நனையாத இருப்பிடமும் கொடுக்காத எஜமானர் குதிரைமேல் வைத்த அன்பு அரைகுறை அன்பே.

இறுதியாக இளைஞர்களுக்குச் சொல்லுகிறேன். குதிரையின் விலை அதன் செலவில் மிகச் சிறிய பாகம். நீங்கள் வாங்கும் எட்டு வயதுக் குதிரை, உங்களுக்குத் திருமணம் ஆகி, குழந்தைகள் பள்ளிக்குப் போகும் காலத்திலும் உயிரோடிருந்து புல் கேட்கும். சவாரிக்கு உதவாத கடைசி ஆண்டுகளிலும் அதே பத்து கிலோ புல், அதே லாடம், அதே மருத்துவர். ஒருவர் தனியே தாங்க முடியாத இந்தப் பாரத்தை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தாங்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு, யார் எந்தச் செலவுக்குப் பொறுப்பு, வயதான குதிரையை யார் வைத்துக்கொள்வது என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடலாம். புதுச்சேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவராவது குதிரை வைத்தியத்தைச் சிறப்பாகக் கற்கட்டும். லாடத் தொழிலைக் கற்க ஓர் இளைஞரை ஊரார் சேர்ந்து செலவழித்து வெளியூருக்கு அனுப்பட்டும். அவர் திரும்பி வந்தால் நாகை முதல் மயிலாடுதுறை வரை உள்ள குதிரைகளுக்கெல்லாம் பயன்படுவார்.

ஆகவே குதிரை வாங்கத் தீர்மானிப்பவர், விலை பேசுவதற்கு முன்னால் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். அழைத்தால் வரக்கூடிய மருத்துவர், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரக்கூடிய லாடக்காரர், பஞ்சத்திலும் வெள்ளத்திலும் தடைபடாத புல். இம்மூன்றையும் உறுதி செய்துகொண்டவர் மகிழ்ச்சியோடு வாங்கட்டும். இவ்வுலகில் மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த நட்புகளுள் ஒன்று அவருக்குக் கிடைக்கும். உறுதி செய்துகொள்ள இயலாதவர் வாங்காமல் இருப்பதே அந்தக் குதிரைக்குச் செய்யும் தருமம்.